போன் ஃபைல் மேனேஜர் ஆப்கள்: எதை வைத்துக்கொள்ளலாம், எதை இன்றே நீக்க வேண்டும்

செட்டிநாட்டு வீட்டில் முகப்புத் திண்ணை வரை வருபவர்கள் உண்டு, வளவுக்குள் வந்து உட்காருபவர்கள் உண்டு. உள்ளறைச் சாவி மட்டும் ஆச்சியின் இடுப்பை விட்டு இறங்காது. போனில் அந்த உள்ளறைச் சாவியைக் கேட்கிற ஆப் ஃபைல் மேனேஜர். ஆண்ட்ராய்டு 11 முதல் இந்தச் சாவிக்குத் தனிப் பெயரே உண்டு: ஆல் ஃபைல்ஸ் அக்சஸ். இதைக் கொடுத்துவிட்டால் டவுன்லோட்ஸ், கேமரா, வாட்ஸ்ஆப் படங்கள், ஸ்கேன் செய்த தாள்கள், மெமரி கார்டு என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் அந்த ஆப் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம்.

நம் பக்கத்துப் போன்களில் அப்படி என்ன இருக்கிறது? காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊரை எடுத்தாலும் ஒரே வீட்டுக்குப் பல புள்ளிகள் (திருமணமான குடும்பங்கள்) பங்குதாரர்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோலாலம்பூரில். வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், வில்லங்கச் சான்று, பட்டா, பாகப்பிரிவினை வரைவு, எல்லோருடைய ஆதார் நகல், பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று அத்தனையும் வாட்ஸ்ஆப்பில் சுற்றி வந்து ஒவ்வொரு போனிலும் ஒரு பிரதி தங்கிவிடுகிறது. ஆகவே இந்த ஆப்பைத் தேர்ந்தெடுக்கும்போது வசதியைக் காட்டிலும் நம்பகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் முடிவு. கீழே உள்ள மதிப்பீடு முழுக்க அந்தக் கணக்கில் போட்டது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். போனோடு வந்த ஃபைல் மேனேஜரில் ஏதோ ஒன்று முடியாமல் போகும். காப்பி ஆகாது, ஃபோல்டர் திறக்காது, அழித்த படம் வேண்டும். உடனே பிளே ஸ்டோரில் தேடி, முதலில் கண்ணில் படுவதை ஏற்றுவார்கள். மோசமான ஆப் போனுக்குள் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். அந்தக் கோளாறுகளில் முக்கால்வாசி ஆப்பின் குற்றமே இல்லை. ஆண்ட்ராய்டின் விதி, மெமரி கார்டின் அமைப்பு, வைஃபை ரௌட்டர் என்று காரணம் வேறெங்கோ இருக்கும். இரண்டாவது ஆப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

எந்த ஆப் எப்படி

பெரும்பாலானவர்களுக்கு ஃபைல்ஸ் பை கூகுள் போதும். 2017 டிசம்பரில் ஃபைல்ஸ் கோ என்ற பெயரில் வந்து, 2018 நவம்பரில் இப்போதைய பெயருக்கு மாறியது. விளம்பரம் கிடையாது. அழித்த கோப்பு 30 நாள் டிராஷில் இருக்கும். சேஃப் ஃபோல்டர் என்ற பூட்டிய அறை உண்டு, பின் நம்பரோ பேட்டர்னோ வைத்துக்கொள்ளலாம். பத்திர ஸ்கேனுக்கும் ஆதார் நகலுக்கும் அதுதான் சரியான இடம். ஆனால் ஒரு எச்சரிக்கை: சேஃப் ஃபோல்டரின் பின்னை மறந்தால் திரும்ப வாங்க வழி இல்லை, உள்ளே இருப்பவை போனதுதான். அதில் வைத்த எதற்கும் வெளியே ஒரு பிரதி வேண்டும். போனை ரீசெட் செய்வதற்கும், அந்த ஆப்பின் டேட்டாவை அழிப்பதற்கும், ஆப்பையே நீக்குவதற்கும் முன்னால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரோடு வைஃபை வழியாக இணைப்பது, எஃப்டிபி (நெட்வொர்க் வழியாகக் கோப்பு அனுப்பும் ஒரு பழைய முறை) போன்ற வேலைகள் இந்த ஆப்பில் இல்லை. பலருக்கு அவை தேவையும் இல்லை.

சாம்சங் போனில் மை ஃபைல்ஸ் நன்றாகவே வேலை செய்கிறது. அதிலும் 30 நாள் டிராஷ் உண்டு. கூடவே பெரும்பாலான மாடல்களில் செக்யூர் ஃபோல்டர் இருப்பதால் தனியாக எதையும் ஏற்றத் தேவையில்லை. ஷாவ்மி போனோடு வரும் ஃபைல் மேனேஜரில் விளம்பரத் தொந்தரவு உண்டு. ஆப்பின் செட்டிங்ஸ் உள்ளே ரெகமண்டேஷன்ஸ் என்பதை அணைத்தால் பெரும்பகுதி நின்றுவிடும். அந்த ஆப்பில் 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஓட்டை ஒன்று உண்டு, அதைப் பின்னால் விளக்குகிறோம். இப்போதைக்கு அப்டேட் செய்துவிடுங்கள்.

கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்களுக்கு எங்கள் தேர்வு மெட்டீரியல் ஃபைல்ஸ். இலவசம், விளம்பரம் இல்லை, அதன் நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. எஸ்எம்பி (விண்டோஸில் பகிர்ந்த ஃபோல்டரைத் திறக்கும் முறை), எஃப்டிபி, அதைப்போலவே மறைப்போடு அனுப்பும் எஸ்எஃப்டிபி எல்லாம் உண்டு. எங்களுக்கு மிகவும் பிடித்தது, கோப்பின் பிராப்பர்டீஸ் பக்கத்தில் செக்சம் காட்டுவது, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு அடையாள எண். நகல் எடுத்த கோப்பும் மூலக் கோப்பும் எழுத்துப் பிசகாமல் ஒன்றா என்பதை ஷா-256 எண்ணை ஒப்பிட்டே தெரிந்துகொள்ளலாம். பழைய பேரேடுகளையும் வட்டிச் சிட்டைகளையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. பர்மாக் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம் பாதியில் அறுந்து பதிவானால், மூலத்தைக் கரையான் தின்ற பிறகு அதை மீட்க வழியில்லை.

காசு கொடுக்கத் தயார் என்றால் சாலிட் எக்ஸ்ப்ளோரர். 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம். இரண்டு ஃபோல்டர்களை அடுத்தடுத்து வைத்து மாற்றுவதற்கு இது வசதி. எக்ஸ்-ப்ளோரும் அதே பாணிதான், திரை மட்டும் நெரிசலாக இருக்கும். வயதானவர்களுக்கு வேண்டாம்.

சிம்பிள் ஃபைல் மேனேஜர் என்ற ஆப்பைப் பல ஆண்டுகள் நம்பிப் பரிந்துரைத்தவர்கள் உண்டு. 2023 இறுதியில் அந்த சிம்பிள் மொபைல் டூல்ஸ் தொகுப்பு முழுவதும் ஜிப்போஆப்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. பழைய நிரலை எடுத்து ஃபாசிஃபை என்ற பெயரில் வேறொரு குழு தொடர்கிறது. பழையதை வைத்திருப்பவர்கள் ஃபாசிஃபை ஃபைல் மேனேஜருக்கு மாறிவிடுவது நல்லது. நல்ல ஆப் ஒன்று கைமாறினால், நாம் கொடுத்த சாவியும் சத்தமில்லாமல் கைமாறிவிடும். வீட்டை விற்பவர் பூட்டை மாற்றிக் கொடுப்பது வழக்கம். இங்கே அந்த வழக்கம் இல்லை.

இஎஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் இன்னும் சில பழைய போன்களில் கிடக்கிறது. தயங்காமல் நீக்குங்கள். ஷேர்இட், ஜென்டர் இரண்டும் அப்படியே. மூன்றும் 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 ஆப்களின் பட்டியலில் இருப்பவை. இப்போது இவை வேண்டுமென்றால் எங்கோ ஒரு இணையதளத்திலிருந்து ஏபிகே (ஆப்பை ஏற்றும் கோப்பு) இறக்கித்தான் ஏற்ற வேண்டும். யார் கை வைத்த ஏபிகே என்று யாருக்கும் தெரியாது.

காப்பி ஆகவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்

கல்யாண வீடியோதான் இந்தப் பகுதியில் அதிகம் மாட்டிக்கொள்வது. வீடியோகிராபர் கொடுத்த பெரிய கோப்பை மெமரி கார்டுக்கோ பென் டிரைவுக்கோ மாற்றும்போது பாதியில் நிற்கும், அல்லது இடம் இல்லை என்று சொல்லும். கார்டில் 20 ஜிபி காலியாக இருக்கும். காரணம் எஃப்ஏடி32, கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு பழைய அமைப்பு. அந்த அமைப்பில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 32 ஜிபி வரையுள்ள கார்டுகள் எஃப்ஏடி32 அமைப்பில் வரும், அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட் அமைப்பில் வரும். பென் டிரைவை எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்துகொண்டால் தீர்ந்தது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழியும், முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் சென்டரில் என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மட் செய்து கொடுத்த டிரைவைப் பல போன்கள் படிக்கவே படிக்காது. டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து விடாதீர்கள்.

ஓடிஜி கேபிளில் (போனில் பென் டிரைவை இணைக்கும் கேபிள்) பென் டிரைவைச் செருகியும் ஒன்றும் தெரியவில்லை என்றால், ஓப்போ, ரியல்மி போன்களில் செட்டிங்ஸ் உள்ளே ஓடிஜி கனெக்ஷன் என்று தேடி இயக்க வேண்டும். 10 நிமிடம் பயன்படுத்தாமல் விட்டால் அது தானே அணைந்துவிடும். கம்ப்யூட்டரில் போனைச் செருகினால் காலி ஃபோல்டர் தெரிகிறதா? போன் சார்ஜிங் நிலையில் இருக்கிறது. பூட்டைத் திறந்து, மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து, ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களும் சந்தையில் ஏராளம். மாற்றிப் பாருங்கள்.

திரை அணைந்ததும் காப்பி நின்றுவிடுகிறது என்ற புகார் ஷாவ்மி, விவோ, ஓப்போ போன்களில் சகஜம். பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் ஓடும் ஆப்பை போனே கொன்றுவிடுகிறது. கோப்பு பெயரளவில் இருக்கும், திறந்தால் ஓடாது. அந்த ஆப்பின் இன்ஃபோ பக்கத்தில் பேட்டரி என்பதை அன்ரெஸ்ட்ரிக்டட் அல்லது நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் என்று மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷன் அனுமதியும் கொடுத்துவிடுங்கள், வேலை எவ்வளவு முடிந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

இங்கேதான் கட், பேஸ்ட் என்ற பழக்கம் ஆபத்தாகிறது. போனின் உள்நினைவகத்திலிருந்து கார்டுக்கு மூவ் செய்வது என்பது உண்மையில் இரண்டு வேலை: முதலில் நகல், பிறகு மூலத்தை அழித்தல். நடுவே கார்டு ஆடினாலோ ஆப் செத்தாலோ இரண்டு பக்கமும் நஷ்டம். காப்பி மட்டும் செய்யுங்கள். இரண்டு ஃபோல்டரின் பிராப்பர்டீஸையும் திறந்து கோப்புகளின் எண்ணிக்கையும் பைட் கணக்கும் ஒன்றா என்று பாருங்கள். நடுவில் ஒன்றிரண்டைத் திறந்து பாருங்கள். அதன்பிறகு மூலத்தை அழிக்கலாம்.

எண்ணிக்கை சரி, பைட் சரி, ஆனால் திறந்தால் படம் சாம்பல் நிறமாக வருகிறது என்றால் கார்டே போலியாக இருக்கலாம். 16 ஜிபி சரக்கை 256 ஜிபி என்று எழுதி விற்கும் கார்டுகள் உண்டு. நிஜ அளவு நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும். கம்ப்யூட்டரில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு மென்பொருளை ஓட்டினால் கார்டு முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். புதிய கார்டு வாங்கிய அன்றே இதைச் செய்துவிடுவது நல்லது. பெரிய கார்டு என்றால் பல மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிட்டுப் படுத்துவிடலாம்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, இதை எந்த ஆப்பும் விளக்கிச் சொல்வதில்லை. போனின் உள்நினைவகத்தில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். யூனிகோட் தமிழில் உயிரெழுத்து, மெய்யின் அடி எழுத்து, கொம்பு, கால், புள்ளி என ஒவ்வொரு உறுப்புக்கும் 3 பைட். செட்டிநாடு என்ற சொல் கண்ணுக்கு ஐந்து எழுத்து, உள்ளே 10 உறுப்பு, 30 பைட். ஆக, 85 உறுப்புகளுக்குள் பெயர் முடிய வேண்டும், அதிலும் கடைசியில் வரும் புள்ளியும் பிடிஎஃப் என்ற பின்னொட்டும் இடம் பிடிக்கும். "இளையாத்தங்குடிக் கோயில் கும்பாபிஷேகம் மலர்க் குழுக் கூட்டம் இரண்டாம் நாள் காலை நிகழ்ச்சிகள் நிழற்படம்" என்ற ரகத்தில் நீட்டிப் பெயர் வைத்தால் கம்ப்யூட்டரிலோ கார்டிலோ இருக்கும், போனுக்குள் வர மறுக்கும். பெயரைச் சுருக்கினால் உடனே ஏறிவிடும். ஜிப் கோப்பைப் பிரித்ததும் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகவோ கிறுக்கலாகவோ வந்தால், ஜிப் செய்த மென்பொருள் பெயர்களை யூடிஎஃப்-8 (யூனிகோடைப் பதியும் முறை) என்று குறிக்கவில்லை. உள்ளே கோப்புகள் நலமாகவே இருக்கும், பெயர்தான் போயிருக்கும். அதேபோல டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பு போனில் ஆங்கிலக் குப்பையாகத் தெரிவதும் ஃபைல் மேனேஜரின் குற்றம் அல்ல. அந்த எழுத்துரு போனில் இல்லை. பிடிஎஃப் ஆக வாங்கிக்கொள்ளுங்கள்.

படங்கள் கேலரியில் வரவில்லை, ஃபைல் மேனேஜரில் மட்டும் தெரிகின்றன என்றால், அந்த ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் நோமீடியா என்ற வெற்றுக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஷோ ஹிடன் ஃபைல்ஸ் என்பதை இயக்கினால் தெரியும். அதை அழித்துவிட்டுச் சற்று நேரம் விட்டால் படங்கள் வந்துவிடும்.

நகல் எடுத்த பிறகு பழைய படங்களெல்லாம் இன்றைய தேதியில் வரிசையாகின்றன என்பது அடுத்த புகார். சில ஆப்கள் நகலெடுக்கும்போது கோப்பின் தேதியை மாற்றிவிடும். கேமரா எடுத்த படத்துக்குள் எக்சிஃப் தேதி பதிந்திருப்பதால் கேலரி சமாளித்துக்கொள்ளும். வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தில் அது இருக்காது, கோப்பின் பெயரில் உள்ள 20240115 போன்ற எண்தான் ஒரே சாட்சி. ஆகவே வாட்ஸ்ஆப் படங்களின் பெயரை மாற்றாதீர்கள்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவில் கோப்புகள் மாயமாகி, ஷார்ட்கட் மட்டும் நிற்பது நாம் எல்லோரும் அறிந்த வைரஸ். இதற்கு ஃபைல் மேனேஜர் அருமையான மருந்து. அந்த வைரஸ் விண்டோஸில்தான் ஓடும், ஆண்ட்ராய்டில் ஓடாது. விண்டோஸில் மறைத்த கோப்புகள் போனில் பெரும்பாலும் பளிச்சென்று தெரியும், சில வேளை பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும். ஓடிஜியில் செருகி, உங்கள் பிடிஎஃப், படம், வீடியோவை மட்டும் போனுக்கு நகலெடுத்துவிட்டு டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். எல்என்கே, விபிஎஸ், இஎக்ஸ்இ என்று முடிவன எதையும் எடுக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டு/டேட்டா ஃபோல்டர் திறக்கவில்லை

திறக்காது. ஆண்ட்ராய்டு 11 முதல் ஒரு ஆப்பின் உள்ளறைக்குள் இன்னொரு ஆப் நுழையக் கூடாது என்று விதி. ஆல் ஃபைல்ஸ் அக்சஸ் கொடுத்தாலும் இந்த ஃபோல்டர் அடைபட்டதுதான். இதைத் திறந்து காட்டுகிறேன் என்று விளம்பரம் செய்யும் புது ஆப்களை நம்ப வேண்டாம். அவசியமென்றால் போனை கேபிளில் கம்ப்யூட்டரோடு இணையுங்கள், பெரும்பாலான போன்களில் அந்த ஃபோல்டர் அங்கே திறக்கும்.

வாட்ஸ்ஆப் கோப்புகளைத் தேடி அங்கே போகிறவர்கள் இடம் தவறிப் போகிறார்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் அவை ஆண்ட்ராய்டு, மீடியா, காம் டாட் வாட்ஸ்ஆப், வாட்ஸ்ஆப், மீடியா என்ற வரிசையில் உள்ளே இருக்கின்றன. பிடிஎஃப்கள் அங்கே வாட்ஸ்ஆப் டாக்குமென்ட்ஸில். முக்கியமான பத்திரத்தை அங்கேயே விட்டு வைக்காதீர்கள். ஆப்பை நீக்கி மறுபடி ஏற்றும் முன் அதைத் தனியாக டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்கு நகலெடுங்கள்.

அழித்த கோப்பை மீட்டுத் தரும் ஆப்களைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். இன்றைய போனின் உள்நினைவகம் முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டது. டிராஷைத் தாண்டி அழிந்த கோப்பை, ரூட் செய்யாத (ஆண்ட்ராய்டின் காவலை உடைக்காத) போனில் ஒரு ஆப்பால் மீட்க முடியாது. அந்த ஆப்கள் காட்டுவது பெரும்பாலும் கேலரி சேர்த்து வைத்த சிறு முன்னோட்டப் படங்கள். மெமரி கார்டு என்றால் நிலைமை வேறு: உடனே கழற்றி, மேற்கொண்டு எதையும் எழுதாமல், கம்ப்யூட்டரில் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டினால் நல்ல வாய்ப்பு உண்டு. கார்டு பழுது, ஃபார்மட் செய்யவா என்று போன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் கார்டை இன்டர்னல் ஸ்டோரேஜாக ஃபார்மட் செய்து பயன்படுத்தியிருந்தால் அது அந்தப் போனுக்கு மட்டுமே திறக்கும், வேறெங்கும் படிக்காது.

வைஃபை வழியாக அனுப்பும்போது

வீட்டுக் கம்ப்யூட்டரின் பகிர்ந்த ஃபோல்டரை எஸ்எம்பி வழியாகத் திறக்க முயன்று தோற்பவர்கள் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். விண்டோஸில் நெட்வொர்க் வகை பிரைவேட் என்று இருக்க வேண்டும். பின் நம்பர் செல்லாது, பயனர் பெயரும் முழு பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும். பழைய ஆப் எஸ்எம்பி1 மட்டுமே பேசும் என்றால் ஆப்பை மாற்றுங்கள். கம்ப்யூட்டரில் எஸ்எம்பி1ஐ இயக்கச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாக்ரை வைரஸ் பரவியது அந்த வாசல் வழியாகத்தான்.

இங்குள்ள பழைய வீடுகளின் சுவர் கனமானது. முகப்பில் உள்ள ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டாம் கட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தேய்ந்துவிடும். பெரிய கோப்பு நடுவில் அறுவதற்கு இதுவே காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், அல்லது இரண்டு போனும் ஒரே தாழ்வாரப் பத்தியில் இருக்கும்போது அனுப்புங்கள். கானாடுகாத்தான் பக்கத்து விடுதிகளிலோ கல்யாண மண்டபத்திலோ கெஸ்ட் வைஃபையில் ஒரு போன் இன்னொன்றைக் காணவில்லை என்றால், ரௌட்டர் கருவிகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அது உங்கள் பாதுகாப்புக்காக, அதை மீற வழி தேடாதீர்கள்.

ஏன் என்பதற்கு இஎஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரே உதாரணம். 2019 ஜனவரியில் ஒரு பிரெஞ்சு ஆய்வாளர் வெளியிட்டது: அந்த ஆப்பை ஒரு முறை திறந்தாலே போனுக்குள் ஒரு சர்வர் ஓடத் தொடங்கி, 59777 என்ற போர்ட்டை (நெட்வொர்க் வாசல்) திறந்து வைத்தது. அதே வைஃபையில் இருக்கும் எவரும் பாஸ்வேர்டு இல்லாமல் படங்களின் பட்டியலை எடுக்கலாம், கோப்பை இழுக்கலாம், போனில் ஒரு ஆப்பையே திறக்கலாம். சிவிஇ-2019-6447 என்று பதிவான ஓட்டை அது. பிறகு அடைத்தார்கள், ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் விளம்பர மோசடிப் புகாரில் சிக்கிய டிஓ குளோபல் நிறுவனத்தின் ஆப்களோடு சேர்ந்து பிளே ஸ்டோரிலிருந்தும் போய்விட்டது.

அந்த ஓட்டை போனாலும் பழக்கம் போகவில்லை. பல ஃபைல் மேனேஜர்களில் எஃப்டிபி சர்வர் என்று ஒரு பொத்தான் உண்டு, பெரும்பாலும் 2121 போர்ட்டில் ஓடும். சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்டும் கோப்பும் மறைப்பில்லாமல் போகும். அனானிமஸ் லாகின் என்பதை அணைத்து, வீட்டு வைஃபையில் மட்டும் இயக்கி, வேலை முடிந்ததும் நிறுத்துங்கள். போனுக்குப் போன் அனுப்ப இதெல்லாம் வேண்டாம், குவிக் ஷேர் போதும். கூகுளின் நியர்பை ஷேர் 2024 ஜனவரியில் சாம்சங்கின் குவிக் ஷேரோடு சேர்ந்து ஒன்றானது, இப்போது ஆண்ட்ராய்டு போன்களில் பொதுவாக இருக்கிறது. ஐபோனும் ஆண்ட்ராய்டும் கலந்த வீட்டுக்கு லோக்கல்சென்ட் என்ற ஆப் நல்லது.

பிளே ஸ்டோரில் இருந்தாலே நம்பலாமா

முழுக்க நம்ப முடியாது. 2022 நவம்பரில் பிட்டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்த எக்ஸ்-ஃபைல் மேனேஜர் பிளே ஸ்டோரில் 10,000 இறக்கத்தைத் தாண்டியிருந்தது. உள்ளே ஷார்க்பாட் என்ற வங்கித் திருட்டு நிரல். ஃபைல் மேனேஜர் என்றால் ஏபிகே ஏற்ற அனுமதி கேட்பது இயல்பு என்று யாரும் சந்தேகப்படவில்லை. அந்த அனுமதியை வைத்துக்கொண்டு அப்டேட் என்ற பெயரில் திருட்டு நிரலை இறக்கியது. 2023 ஜூலையில் பிரேடியோ என்ற பாதுகாப்பு நிறுவனம் காட்டிக்கொடுத்த இரண்டு ஆப்களும் இதே வகை: ஒன்று ஃபைல் மேனேஜர், மற்றது அழிந்த கோப்பை மீட்டுத் தருவதாகச் சொன்னது. இரண்டும் சேர்த்து 15 லட்சம் இறக்கம். தகவல் எதுவும் எடுப்பதில்லை என்று பிளே ஸ்டோர் பக்கத்தில் எழுதிவிட்டு, தொடர்பு எண்களையும் படங்களையும் சீனாவில் உள்ள சர்வர்களுக்கு அனுப்பின. எளிதில் நீக்க முடியாதபடி தங்கள் ஐகானையும் மறைத்துக்கொண்டன.

நல்ல ஆப்பிலும் ஓட்டை வரும். மைக்ரோசாஃப்ட் டர்ட்டி ஸ்ட்ரீம் என்று பெயரிட்ட சிக்கல் இப்படி: ஒரு ஆப் இன்னொரு ஆப்புக்குக் கோப்பு அனுப்பும்போது கோப்பின் பெயரையும் அனுப்புகிறது. வாங்கும் ஆப் அந்தப் பெயரை அப்படியே நம்பி எழுதினால், பெயருக்குள் ஒளித்த பாதையைக் கொண்டு அதன் சொந்த உள்கோப்பின் மீதே எழுதிவிடலாம். ஷாவ்மி ஃபைல் மேனேஜரும் டபிள்யூபிஎஸ் ஆபிஸும் இதில் மாட்டின. ஃபைல் மேனேஜருக்குள் சேமித்திருந்த எஸ்எம்பி, எஃப்டிபி பாஸ்வேர்டுகளும் அதனால் வெளியே போகும் நிலை. இரண்டு நிறுவனமும் திருத்தம் வெளியிட்டுவிட்டன. ஷாவ்மியில் வி1-210593, டபிள்யூபிஎஸ்ஸில் 17.0.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உங்கள் போனில் இருக்க வேண்டும்.

பத்திரிகை என்று வரும் ஏபிகே

தை பிறந்தால் நம் ஊரில் பத்திரிகை வராத நாள் இல்லை. அதைத்தான் திருடர்கள் பயன்படுத்துகிறார்கள். வாட்ஸ்ஆப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஒரு கோப்பு வரும், கடைசியில் ஏபிகே என்று இருக்கும். போக்குவரத்து அபராதம், பிஎம் கிசான் என்றும் இதே வேடத்தில் வருகிறது. தெரிந்த எண்ணிலிருந்தே வரலாம், ஏனென்றால் அவர் போன் ஏற்கனவே மாட்டியிருக்கும். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வீடியோவாகவோதான் இருக்கும். ஏபிகே என்றால் அது ஒரு ஆப், பத்திரிகை அல்ல.

கோப்பைத் தொட்டதும் அது ஓடிவிடாது. ஏற்ற அனுமதிக்கட்டுமா என்று ஆண்ட்ராய்டு கேட்கும். இந்தக் கதவை இப்போதே சாத்தி வைக்கலாம்: செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் அக்சஸ், இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ். அங்கே வாட்ஸ்ஆப், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றுக்கும் நாட் அலவ்டு என்று இருக்க வேண்டும். சில போன்களில் இது பிரைவசி பக்கத்தில் இருக்கும், செட்டிங்ஸ் மேலே உள்ள தேடலில் அன்னோன் என்று அடித்தால் வரும். அதே ஸ்பெஷல் அக்சஸ் பக்கத்தில் ஆல் ஃபைல்ஸ் அக்சஸ் என்பதையும் திறந்து, யார் யார் கையில் சாவி இருக்கிறது என்று பாருங்கள். டார்ச்லைட், கீபோர்டு, ஜோதிட ஆப் அதில் இருந்தால் உடனே பிடுங்குங்கள். ஃபைல் மேனேஜரே ஆனாலும் அக்சசிபிலிட்டி (திரையைப் படித்து இயக்கும் அனுமதி), எஸ்எம்எஸ், கான்டாக்ட்ஸ் மூன்றில் எதைக் கேட்டாலும் ஏற்றாதீர்கள். கோப்பை ஒழுங்குபடுத்த அவை எதுவும் தேவையில்லை.

ஏற்கனவே ஏற்றிவிட்டால் வரிசை முக்கியம். முதலில் ஏரோபிளேன் மோடு, வைஃபையும் அணைய வேண்டும். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணம் கைமாறும் நேரம். பிறகு போனில் அக்சசிபிலிட்டியையும் டிவைஸ் அட்மின் ஆப்ஸையும் திறந்து அந்த ஆப்பை அணைத்து, நீக்குங்கள். அன்இன்ஸ்டால் பொத்தான் மங்கி இருந்தால் பவர் மெனுவில் பவர் ஆஃப் என்பதை நீளமாக அழுத்தி சேஃப் மோடில் ஏற்றி நீக்கலாம். எஸ்எம்எஸ் ஆப் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சிக்னல் வந்ததும் *#21# அடித்து, உங்கள் அழைப்புகள் வேறெங்கும் திருப்பப்படுகின்றனவா என்று பாருங்கள், இருந்தால் ##002# அடித்து ரத்து செய்யுங்கள். வங்கி பாஸ்வேர்டை அந்தப் போனில் மாற்றாதீர்கள்.

போனில் வைக்க வேண்டாத கோப்புகள்

இ-ஆதார் பிடிஎஃப் பூட்டியிருக்கிறது என்று பலர் டவுன்லோட்ஸிலேயே விட்டுவிடுகிறார்கள். அதன் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். உங்களைத் தெரிந்தவர் எவரும் ஊகித்துவிடலாம். கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை இறக்கி அதையே அனுப்புங்கள். வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் வேண்டும்போது அரசுத் தளத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம், போனில் சேர்த்து வைக்கத் தேவையில்லை. பாகப்பிரிவினை, உயில், இசைகுடிமானம் (திருமண உடன்படிக்கை) போன்றவற்றின் ஸ்கேன்கள் சேஃப் ஃபோல்டரில் ஒன்று, வீட்டில் பூட்டிய பென் டிரைவில் ஒன்று என்று இருக்கட்டும்.

டிஸ்பிளே மாற்றக் கடையில் போனைக் கொடுக்கும்போது பின் நம்பரைத் தாளில் எழுதிக் கொடுப்பது நம் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோடு, பிக்சலில் ரிப்பேர் மோடு உண்டு. அதை இயக்கிக் கொடுத்தால் கடைக்காரர் போனைச் சோதிக்கலாம், உங்கள் கோப்புகள் அவருக்குத் தெரியாது. இந்த வசதி இல்லாத போனில் மெமரி கார்டையும் சிம்மையும் கழற்றிக்கொண்டு, முடிந்தால் எதிரே உட்கார்ந்தே வேலையை முடித்து வாங்குங்கள்.